தரைக்கு ஒரு முழம் மேலே

போதகரின் கால்கள் தரையில் படுவதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் செருப்புத் தைப்பவர். போதகர் அந்தச் சபைக்கு வந்த நான்காம் ஆண்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பக்கத் தையல் விட்டுப்போன கறுப்பு ஷூவைக் கொண்டுவந்து நீட்டினார். திருப்பிப் பார்த்தால், கடையில் ஒட்டிய விலைச் சீட்டு அடியில் அப்படியே இருந்தது. புதிதா என்று கேட்டதற்கு, இரண்டு வருடமாகத் தினமும் போடுவது என்றார் போதகர். செருப்புத் தைப்பவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். போதகரின் காலுறைக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவே எட்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அதன் வழியாக எதிர்ப்பக்கத்து மருந்துக் கடையின் படி தெரிந்தது. அவர் தையலைப் போட்டு முடித்து, "சோலுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாங்கய்யா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஷூவைத் திருப்பிக் கொடுத்தார்.

காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. போதகரின் மனைவிக்கு அது முதல் மாதமே தெரியும். ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுப்பார். கைகொடுக்கிறவர்கள் கையை விடுவதற்குள் ஒரு கஷ்டத்தைச் சொல்வார்கள்: முட்டிவலி, வேலை போனது, மகள் பேசுவதில்லை. போதகர் அவர்கள் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு, "உங்களுக்காக ஜெபிக்கிறேன், இந்த வாரம் கண்டிப்பா வீட்டுக்கு வர்றேன்" என்பார். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார். அந்த நியாயத்தை அவருக்குச் செய்தே ஆக வேண்டும். அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது சொன்னதையும் சேர்த்து மாட்டிவிடுவார், அவ்வளவுதான். காப்பாற்றப்படாத ஒவ்வொரு வாக்கும் அவரை ஒரு தாளின் தடிமன் அளவு மேலே தூக்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து வாக்குகள் என்று வைத்தால் ஆண்டுக்கு ஐந்நூறு தாள். அவருக்கு ஓரடி பின்னால் நின்று சிரிப்பது மனைவியின் வேலை. அதற்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை. அங்கியின் ஓரம் தரையை விட்டு விலகுவதை அந்த இடத்திலிருந்து நன்றாகப் பார்க்க முடியும்.

அவள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினாள். யாருக்கு என்ன சொன்னார் என்பதை வாசலில் காதில் வாங்கி, வீட்டுக்கு வந்து எழுதி, வாரம் முழுக்கத் தானே நடந்துபோய் அந்த வீடுகளில் உட்கார்ந்து ஜெபித்தாள். ஒருவர் கொடுத்த வாக்கை இன்னொருவர் காப்பாற்றினால் கொடுத்தவர் கீழே இறங்குவதில்லை. காப்பாற்றியவருக்குக் கனம் ஏறும். டாக்டரின் எடைக் கருவியில் அது தெரியவில்லை. தரைக்குத் தெரிந்தது. சமையலறையில் மூன்று ஓடுகள் விரிசல் விட்டன. மாதர் சங்கத்து நாற்காலி ஒன்று காலை அகட்டிக்கொண்டு படுத்துவிட்டது. புதிதாகச் சிமெண்ட் பூசிக் காய்ந்த நடைபாதையில் அவள் குதிகால் பதிந்த தடங்கள் இன்றும் இருக்கின்றன. போதகரம்மா கொஞ்சம் வாயைக் கட்டலாம் என்று மாதர் சங்கத் தலைவி நாலு பேர் காதில் விழும்படி வருத்தப்பட்டாள்.

செருப்புத் தைப்பவர் மருந்துக் கடையில் சொல்லி, மருந்துக் கடை ஊரெல்லாம் சொன்ன பிறகு, சபைக்குத் தலைகால் புரியவில்லை. கமிட்டி கூடியது. செயலாளர் நில அளவையராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார், அளந்துவிட்டால் எதையும் நம்புவார். மாதாமாதம் முதல் ஞாயிறு மர அளவுகோலோடு பிரசங்க மேடையில் ஏறி, போதகரின் காலுக்கடியில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பக்கத்துச் சபைப் போதகருக்கு நல்ல குரல்தான், ஆனால் கால் தரையில்தானே இருக்கிறது என்று மூப்பர்கள் வாயெல்லாம் பல்லாகப் பேசிக்கொண்டார்கள். உயரம் ஒரு சாணைத் தாண்டியதும் மேடைக்கு மேலே இருந்த மின்விசிறி ஆபத்து என்று நிறுத்தினார்கள். ஒன்றை மட்டும் நிறுத்தினால் மற்றவர்கள் காற்று வாங்குவது அவமரியாதை என்று எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். சபை வியர்த்து வழிந்தது. வியர்வையும் ஒருவகைப் பக்தி என்று ஒரு மூப்பர் கண்டுபிடித்துச் சொன்னார். அதைக் கேட்டவர்கள் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே தலையாட்டினார்கள்.

வீட்டில் போதகர் நாற்காலிக்கு மேலே மிதந்தபடி சாப்பிட்டார். படுக்கும்போது அவள் கொடிக்கயிற்றால் அவரைக் கட்டிலோடு கட்டினாள். அவர்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒருமுறை அவள் நோட்டை மேசைமேல் விரித்து வைத்தாள்; அவர் அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

ஒன்பதாம் ஆண்டில், உயரம் சரியாக ஒரு முழம் ஆனபோது, பேராயர் வந்தார். தலைநகரத்துப் பெரிய ஆலயத்துக்குப் போதகரைத் தலைவராக நியமிக்கும் கடிதம் அவர் பையில் இருந்தது. அந்த ஆலயத்தின் உள்கூரை எண்பது அடி உயரம். அன்றைக்கென்று திருமண உடன்படிக்கை புதுப்பிக்கும் ஆராதனை ஏற்பாடாகியிருந்தது. முப்பது தம்பதிகள், சிலர் காரில் வரும் வழியெல்லாம் சண்டை போட்டுவிட்டு, கைகோத்து நின்றார்கள். போதகர் சட்டையில் மாட்டிய சின்ன மைக்கோடு உண்மையாயிருப்பதைப் பற்றி ஐம்பது நிமிடம் பிரசங்கித்தார். சபைக்கு உண்மை, மனைவிக்கு உண்மை, பதவிக்கு உண்மை. குரல் தழுதழுத்தது. கடைசியில் முன்வரிசையைக் காட்டி, "கல்யாணத்தன்னிக்கு என் மனைவிக்குக் குடுத்த வார்த்தையில ஒண்ணைக்கூட நான் மீறினதில்ல" என்றார்.

அவளுக்கு ஆற்றுப் பாலம் ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்று சாயங்காலம், கூட்டமெல்லாம் போன பிறகு, வாரத்தில் ஒருநாள் நீயும் நானும் மட்டும் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வரலாம் என்று அவராகச் சொன்னார். அவள் கேட்கவில்லை. இரண்டு வாரம் நடந்தார்கள். பிறகு அவருக்குச் சபை கிடைத்தது. அவளுக்கு இன்னும் பாலம்வரை போகத்தான் ஆசை, அவ்வளவு சின்ன ஆசைக்கு அழுவதா என்று அன்று அங்கேயே அழுதாள்.

அதற்குள் போதகர் கிளம்பிவிட்டார். பாட்டில் மூடி கழன்ற மாதிரி மேடையிலிருந்து எழும்பி, நின்றிருந்த மின்விசிறியைக் கடந்து, உத்தரத்தில் முதுகு முட்டி நின்றார். சபை எழுந்து நின்று துதித்தது. செயலாளர் அளவுகோலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஏணி கொண்டுவரச் சொன்னார். ஏணியில் ஏறிய இரண்டு மூப்பர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தும் அவர் அசையவில்லை. கடைசியில் போதகரின் மனைவி ஏறினாள். அவள் பாரத்துக்கு ஏணி முனகியது. அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கீழ எறக்கும்மா" என்றார் போதகர் ரகசியமாக.

"நான் இழுத்தா அங்கிதான் கிழியும். சொன்னது பொய்னு சொல்லுங்க, வந்துடுவீங்க."

"பேராயர் இருக்காரே."

"அவர் அங்கேயேதான் இருப்பார். நீங்கதான் எங்க இருக்கீங்கன்னு பாருங்க."

போதகர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "பொய்தான். ரெண்டு வாரத்துக்கப்புறம் பாலத்துக்குக் கூட்டிட்டே போகல" என்றார். சட்டையில் மாட்டிய மைக்கை அவர் மறந்திருந்தார். நான்கு ஒலிபெருக்கிகளும் அதைத் தெளிவாகச் சொல்லின. சொன்ன மாத்திரத்தில் அவர் மெதுவாக இறங்கி, பழையபடி ஒரு முழத்தில் வந்து நின்றார். சபை ஒலிபெருக்கிகளை அண்ணாந்து பார்த்தது. பிறகு, என்ன ஒரு தாழ்மை, இவ்வளவு பெரியவர் எப்படித் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறார் பாருங்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது. பேராயர் கடிதத்தில் அங்கேயே கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நோட்டுகளை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தாள். பதினோரு நோட்டுகள். மேசை அசையவே இல்லை. இத்தனை நாளும் அந்தக் கனம் அதில் இருந்ததில்லை.

"நீங்க தலைநகரத்துக்குப் போங்க. அங்க எண்பது அடி இருக்காம். கயிறு பிடிக்க நான் வரல" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் சமாதானம் சொல்லி, இன்னொரு தாள் உயர்ந்திருப்பார். அவர் ஆறு நாள் எங்கும் போகாமல் அந்த நோட்டுகளைப் படித்தார். ஏழாம் நாள் பேராயருக்கு மறுப்புக் கடிதம் போட்டுவிட்டு, முதல் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அவள் அவருடன் போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து நிதானமாக ஒரு கோப்பை தேநீர் குடித்தாள்.

நாலாயிரத்துச் சொச்சம் வாக்குகள். ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று நான்கு ஆண்டுகள் ஆயின. முட்டிவலி என்றவருக்கு இப்போது இரண்டு முட்டியும் மாற்றியாகிவிட்டது. பேசாத மகள் பேசத் தொடங்கி, சண்டை போட்டு, மறுபடி நிறுத்தியிருந்தாள். சிலர் இறந்துபோயிருந்தார்கள், அந்த வீடுகளில் ஜெபிக்க ஒன்றுமில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. இறந்துபோன தையற்காரர் ஒருவரின் வீட்டில் அதைச் சொன்னபோது அவர் மனைவி இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தவில்லை. "தெரியுங்கய்யா. அம்மா வந்தாங்க, தினமும் வந்தாங்க. நீங்க வரமாட்டீங்கன்னு அவருக்கும் தெரியும். ஆனாலும் சாகறதுக்கு முந்தின பதினோரு நாளும் காலைல நல்ல சட்டையை மாத்திக்கிட்டு உக்காந்திருந்தார்" என்றாள். போதகர் அந்த வீட்டில் சாயங்காலம்வரை இருந்தார். அன்று மட்டும் ஒரு விரல் இறங்கினார்.

சபைக்கு இது பிடிக்கவில்லை. வாசலில் யாராவது கஷ்டத்தைச் சொன்னால் போதகர் யோசித்துப் பார்த்து, "இந்த வாரம் முடியாதுங்க. அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு வர்றேன்" என்றார், வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்தும் தொலைத்தார். வீட்டைப் பெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. மரியாதை தெரியாத மனிதராகிவிட்டார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இம்மாதமும் அரை விரல் இறக்கம், கவலைக்குரியது என்று செயலாளர் குறித்தார். போதகர் மறுபடி உயர மூன்று நாள் உபவாசம் அறிவித்தார்கள்; யாரும் உபவாசம் இருந்ததாகத் தெரியவில்லை. உயரம் ஒரு சாணுக்குக் கீழே இறங்கியதும் மின்விசிறியைப் போடலாமே என்று யாரோ கேட்டார்கள். அந்தக் கேள்வியே சபைக்குப் பெரிய துக்கமாக இருந்தது. செயலாளர் ஒவ்வொரு ஞாயிறும் போதகரின் கையைப் பொத்திக்கொண்டு, "உங்களுக்காக ஜெபிக்கிறோம் ஐயா, தினமும் ஜெபிக்கிறோம்" என்றார். அவருடைய கால்சட்டை ஓரம் தரையை விட்டு விலகியதை, ஓரடி பின்னால் நின்ற போதகரின் மனைவி மட்டும் பார்த்தாள். அவள் நோட்டு எதுவும் வாங்கவில்லை.

கடைசி நோட்டின் கடைசி வரியும் அடித்தாகிவிட்ட பிறகும் போதகர் தரையை விட்டு அரை விரல் மேலேயே நின்றார். எதை விட்டேன் என்று நோட்டுகளைப் புரட்டிக் கையைப் பிசைந்தார். அவள் கதவருகே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. அந்த வாக்கு நோட்டில் இல்லை. அதை எழுதி வைக்க வேண்டியிருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இருவரும் கிளம்பினார்கள். செருப்புக் கடைக்கு எதிரே ஒரு சின்னக் கல் போதகரின் உள்ளங்காலை உறுத்தியது. பதின்மூன்று வருடத்தில் அவருக்குக் கால் வலித்தது அதுதான் முதல் தடவை. அவர் நின்று, வலிக்கிறது என்றார். வலிக்கும் என்றாள் அவள். பாலம்வரை போய்த் திரும்பினார்கள். அவள் மிதித்த இடத்தில் எந்தக் கல்லும் விரிசல் விடவில்லை.

அடுத்த ஞாயிறு செயலாளர் அளவுகோலைப் போதகரின் காலுக்கடியில் நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை. கமிட்டி பதினைந்து நிமிடத்தில் முடிவெடுத்து, அவருடைய உண்மையுள்ள ஊழியத்துக்கு நன்றி தெரிவித்து, மாத முடிவில் வீட்டைக் காலி செய்யச் சொன்னது. சபை இன்று செயலாளரின் கையில் இருக்கிறது. அவர் இரண்டு சாண் உயரத்தில் நின்று நன்றாகவே நடத்துகிறார். இடையில் போட்ட மின்விசிறிகளை மறுபடி நிறுத்திவிட்டார்கள். வருகிறவர்கள் வீட்டிலிருந்தே விசிறி கொண்டுவருகிறார்கள், கூட்டத்துக்குக் குறைவில்லை.

பழைய போதகர் இப்போது பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறார். வருடத்துக்கு ஒருமுறை ஷூவுக்கு அடி மாற்ற வருகிறார். போன தடவை செருப்புத் தைப்பவர் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எப்பவும் இடதுதாங்கய்யா அதிகமா தேயுது. அம்மா எந்தப் பக்கம் நடக்கறாங்க?" என்று கேட்டார்.

"இடது பக்கம்."

"அப்ப நீங்க சாஞ்சு நடக்கறீங்க" என்று சொல்லி, இரண்டுக்கும் புது அடி வைத்துத் தைத்துக் கொடுத்தார்.