ஒன்றேகால் அடி

அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. பேச்செல்லாம் பதினொரு வயது மகள் வழியாகத்தான் போய் வந்தது. "அப்பாவை உப்பு வாங்கிட்டு வரச் சொல்லு" என்று அம்மா அடுப்படியில் சொல்வாள். இரண்டு முழத் தூரத்தில் நின்று அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனாலும் மகள் அந்த இரண்டு முழத்தைக் கடந்து வந்து ஒப்பித்த பிறகுதான் காலில் செருப்பை மாட்டுவார். சண்டைக்கு நின்ற இரண்டு ராஜாக்களுக்கு நடுவே ஓடிய தூதனுக்குக்கூட அவ்வளவு வேலை இருந்திருக்காது.

எல்லாம் மூத்த மகன் போனதிலிருந்துதான். ஐந்து வருஷத்துக்கு முன் நான்கு பேரும் ஏழு பெட்டியுமாக இந்தப் புது ஊரில் வந்து இறங்கியபோது, ஊர் மொழியை முதலில் மடக்கிப் போட்டவன் அவன். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும். பதினேழு வயதில், மழை தூறிய ஒரு சாயங்காலம், சைக்கிளில் நண்பன் வீட்டுக்குப் போகட்டுமா என்று வாசலில் நின்று கேட்டான். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "போயிட்டு வா" என்றார். தெருமுனை வளைவில் லாரி.

அந்த இரண்டு வார்த்தையோடு அப்பாவின் முடிவெடுக்கும் சக்தி தீர்ந்துபோனது. டீயா காபியா என்றால் "எதுன்னாலும் சரி." கடையில் சோப்பு எடுக்கப் போனால், அவர் எதையாவது எடுப்பதற்குள் பின்னால் நிற்பவருக்குத் தாடி முளைத்துவிடும். நல்லவேளை, அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்கு இருப்பது மேலே, கீழே என்று இரண்டே வழி. அதையும் ஏறுகிறவர்கள் தீர்மானித்துக்கொள்வார்கள்.

மகளுக்கு எலி என்று செல்லப்பேர் வைத்தவனும் அண்ணன்தான், அவளைக் கால்பந்து கிளப்பில் சேர்க்க எழுதிப் போட்டவனும் அவன்தான். துக்கம் கேட்க வந்த கடைசி ஆள் படியிறங்கிய அன்று கிளப்பிலிருந்து சட்டை வந்தது. வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. எலி ஓடத் தொடங்கினாள். அவள் ஓடினால் நிழல் மூச்சிரைத்துப் பின்னால் வரும்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். ஆட்டத்துக்கு ஆட்டம் ஒவ்வொரு அணியும் ஒரு பெற்றோரை ஓரக்கோட்டில் கொடி பிடிக்கத் தர வேண்டும். மற்றப் பெற்றோர் எல்லோருமே நடுவரோடு ஒரு தடவையாவது மல்லுக்கு நின்றவர்கள். ஆகவே பயிற்சியாளரான பல் டாக்டர், வாயே திறக்காத லிஃப்ட் மெக்கானிக்கின் கையில் கொடியைத் திணித்தார். பந்து வெளியே போனால் மட்டும் கொடியைத் தூக்கினால் போதும், பந்தை அடிக்கும் நொடியில் எதிரணியின் கடைசி ஆளைத் தாண்டி நிற்கிற ஆஃப்சைடு மாதிரி வம்பெல்லாம் வேண்டாம் என்றும் சொல்லி வைத்தார். பதினொரு ஆட்டத்தில் அந்தக் கொடி ஒருமுறைகூட ஆஃப்சைடுக்கு எழவில்லை. துணி காயப்போட்ட கொம்பே அதைவிடச் சுறுசுறுப்பு.

கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை, சமமானால்கூட அது எதிரணிக்கு. அன்று காலை எலி தூதர் பதவியை ராஜினாமா செய்தாள். "யாருக்கும் எதையும் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் வரணும்." ஒரு ஆட்டத்துக்கும் வராத அம்மா, தான் வேலை பார்க்கும் துணி திருத்தும் கடையிலிருந்து கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள். பிள்ளைகள் ஒன்றோடொன்று மோதும்போதெல்லாம் நாடாவை விரலில் இறுக்கிக்கொண்டாள்.

ஒன்றுக்கு ஒன்று. முடிய ஒரு நிமிஷம். கோலுக்கு முன்னால் போட்ட பெட்டிக்கோட்டின் மேல் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரி. எலியின் அணித்தோழி பந்தை நீளமாக அடிக்கிறாள். அந்த நொடியில் எலி தடுப்பாட்டக்காரியைத் தாண்டி நிற்பதை அப்பா பார்த்தார். எலி உதைத்த பந்து வலைக்குள் போனது. மைதானமே எழுந்து குதித்தது. அம்மாவின் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போயிருந்தன; பதினான்கு மாதத்தில் முதல்முறை அவள் முகத்தில் பல் தெரிந்தது.

அப்பா குனிந்து தன் கையைப் பார்த்தார். கொடியை அப்படியே விட்டுவிடலாம். ஒருவரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவருக்குத்தான் முடிவெடுக்க வராதே. கைக்கு அப்போது ஒரு மூட்டை சிமெண்டின் கனம். அது மெல்ல மேலே போனது.

விசில். கோல் இல்லை. பல் டாக்டர், மயக்கமருந்து இல்லாமல் அத்தனை பல்லையும் பிடுங்குகிறவர் போலப் பார்த்தார். எலி புல்லில் குப்புறப் படுத்துவிட்டாள். ஆட்டம் முடிந்து, கோப்பை எதிரணியின் பையில் ஏறி, கூட்டம் கலைந்தது. அம்மா மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தாள். நடுவில் எலி இல்லை.

"எதுக்குங்க தூக்குனீங்க?"

"முன்னாடி நின்னா."

"அரை இஞ்சு இருக்குமா? புள்ள எப்படி ஓடி வந்தா. பேசாம இருந்திருக்கலாம்ல? அதான் உங்களுக்கு நல்லா வருமே."

அவள் குரல் இறங்கியது. "இன்னைக்குத் தூக்குன கையை அன்னைக்குத் தூக்கியிருந்தா…"

பதினான்கு மாதமாக அவர் காத்திருந்த கேள்வி அதுதான். கொடிக்கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"அன்னைக்குத் தூக்கல. அதான் இன்னைக்குக் கீழ வைக்க முடியல."

அவள் நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "மழைக்கோட்டுல ஒரு பொத்தான் இல்ல. நனைஞ்சுடுவான்னு கையைப் பிடிச்சு நிறுத்தித் தச்சுக் குடுத்தேன். அஞ்சு நிமிஷம். விட்டிருந்தா லாரி வர்றதுக்குள்ள வளைவைத் தாண்டியிருப்பான்."

அவருக்கு அது தெரியாது. "என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

"யார்கிட்ட சொல்லியனுப்ப? இவ கிட்டயா?"

இவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், முகமெல்லாம் சேறு. எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. மூக்கைச் சட்டையில் துடைத்தாள்.

"நான் முன்னாடிதான் நின்னேன்மா. எனக்கே தெரியும்."

"முன்னாடின்னா எவ்வளவு?" என்றாள் அம்மா. தெருக்கோடியில் போகிறவனின் கால்சட்டை கால் இஞ்சு நீளம் என்று கண்டுபிடிக்கிறவளுக்குப் பொத்தாம்பொதுவான பதில் ஆகாது.

எலி இடத்தைக் காட்டினாள். ஓட உந்திய பூட்ஸ் தடம் சேற்றில் அச்சாகப் பதிந்திருந்தது. அம்மா அங்கே மண்டி போட்டு நாடாவைப் பிரித்தாள். மறுமுனையைப் பிடிக்க எலி வரவில்லை. அப்பா கொடியைப் போட்டுவிட்டு, தடுப்பாட்டக்காரி நின்ற பெட்டிக்கோட்டின் மேல் குந்தி முனையைப் பிடித்தார். நாடா ஆடியது.

"ஆட்டாதீங்க."

பிடித்துக்கொண்டார். அவள் குனிந்து பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ஒண்ணேகால் அடி" என்றாள். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "சரியாத்தான் தூக்கியிருக்கீங்க."

மைதானத்து வாசலில் காசு போட்டால் ஊற்றித் தரும் மெஷின் இருந்தது. டீயா காபியா என்று அம்மா கேட்டாள். பழக்கதோஷத்தில் எலி அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போக வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா, "டீ" என்றார். பிறகு, "டீதான். சூடா."

மெஷினில் டீ தீர்ந்துபோயிருந்தது. முன்பே கேட்டிருக்கலாம் என்று அவர், முன்பே சொல்லியிருக்கலாம் என்று அவள். வண்டி வீடு சேரும்வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. பின் சீட்டில் எலி, சுமக்க ஒரு வார்த்தைகூட இல்லாமல், வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.