செவ்வாயும் வெள்ளியும் மட்டும் எழும்பும் கொம்பியூட்டர்

கனடாவில், டொன் ஆற்றுக்குக் கிழக்கே, விட்பி வரைக்கும், கொம்பியூட்டரின் உள்மனது தெரிந்த தமிழன் 1988ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரேயொருவன்தான் இருந்தான். அது நான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலநிலை அறிக்கை வாசிப்பவர் போல, உள்ளதைச் சொல்கிறேன்.

தகுதிகளும் இருந்தன. கல்லூரியில் கொம்பியூட்டர் படிப்பில் இரண்டாம் தவணை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்குரூ ட்ரைவர். யார் வீட்டுக்குப் போனாலும் அவர்களுடைய ரேடியோவைக்கூட ஒருமுறை சந்தேகத்தோடு பார்த்து, “ம்” என்று சொல்லும் பழக்கம்.

நான் அறை எடுத்திருந்தது அஜின்கோர்ட்டில், ஒன்பதாம் மாடியில், இராஜரட்ணம் அங்கிளும் தவமணி அன்ரியும் இருந்த அப்பார்ட்மென்டில். அங்கிள் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுக் கழுவினார். அன்ரி தொழிற்சாலை ஒன்றில் கோழி வெட்டினார். முன்பு யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் அவர் தட்டெழுத்தாளர், நிமிடத்துக்கு அறுபது சொல். கனடாவில் அந்த விரல்களின் வேகம் கோழிகளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அன்ரி கொம்பியூட்டரில் கடிதம் அடிக்கும் வகுப்பில் சேர்ந்தார். முடிவில் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வேலை செய்து, பிளொப்பி டிஸ்க்கில் போட்டு, மாசி மாதத் திங்கட்கிழமை ஒன்று காலை ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டும். பாஸ் பண்ணினால் மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. வகுப்பு ஆசிரியை சொல்லி வைத்திருந்தார்.

“கதிரையில இருந்து செய்யிற வேலையாம் தம்பி,” என்பார் அன்ரி, நாரி நோவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. “எட்டு மணித்தியாலமும் இருக்கலாமாம். எழும்பு எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினமாம்.”

அதற்காகத்தான் கொம்பியூட்டர் வந்தது. விட்பியில் ஒரு வெள்ளைக்காரர் புதிது வாங்கிவிட்டுக் கழித்த, ஐந்து வயதுப் பெட்டி. முன்வீட்டுச் சீமோன் அண்ணையும் அங்கிளும் நானுமாகச் சவப்பெட்டி போலத் தூக்கி வந்தோம். ஹோலில் சோபாவும் ரீவியும் விட்ட இடம் பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் மட்டுமே இருந்தது. அங்கே வைத்தோம்.

“பிளொப்பியிலையும் ஒரு கொப்பி எடுத்து வைக்கவோ தம்பி?” என்று முதல் நாளே கேட்டார் அன்ரி.

“ஹார்ட் டிஸ்க் எண்டால் பாங்க் லொக்கர் மாதிரி அன்ரி. லொக்கருக்க வைச்ச நகையை ஆரும் சேலைத் தலைப்பிலையும் முடிஞ்சு வைக்கிறவையே?”

இந்த வசனத்தை நான் மறந்துவிட்டேன். அன்ரி மறக்கவில்லை.

இரண்டாம் கிழமையே தொடங்கியது. சுவிட்சைப் போட்டால் கறுத்த திரையில் 1701 என்று நாலு இலக்க எண். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஹார்ட் டிஸ்க் பதில் சொல்லவில்லை என்பது அதன் பொருள். நான் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ஒவ்வொரு சிப்பையும் பெருவிரலால் அழுத்தி, வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். செவ்வாய்க்கிழமை வேலை செய்தது. திருத்திவிட்டேன் என்று அறிவித்தேன். புதன் 1701. திரும்பவும் பிடுங்கிச் செருகினேன். வெள்ளிக்கிழமை வேலை செய்தது. இப்படி அதை ஏழு தடவை திருத்தினேன். ஏழு தடவையும் வெற்றி.

மூன்றாம் கிழமை முடிவில் அன்ரி, தமிழ்க்கடை கொடுத்த முருகன் கலண்டரைக் கழற்றி வந்து என் முன்னால் வைத்தார். நாள்தோறும் பென்சிலால் ஒரு சரி அல்லது ஒரு பிழை.

“பாரும். செவ்வாய் சரி. வெள்ளி சரி. மற்ற நாள் எல்லாம் பிழை.”

“ஒரு புதனும் சரி போட்டிருக்கே?”

“அண்டைக்கு மாமியின்ர திவசம். செவ்வாய் வெள்ளி மாதிரி மரக்கறிதான் சமைச்சனான்.” அன்ரி குரலைத் தாழ்த்தினார், பெட்டிக்குக் கேட்டுவிடக்கூடாது என்பது போல. “தம்பி, உது சைவம்.”

நான் சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்த அங்கிள் எழும்பிவிட்டார்.

“அன்ரி, விட்பியில அந்த வெள்ளைக்காரன் உதுக்கு முன்னால இருந்து மாட்டிறைச்சி திண்டவன்.”

“அதுதான் வித்துப்போட்டான். ஏன் வித்தவன் எண்டு யோசிச்சனீரே?”

“சரி, வெள்ளிக்கிழமையும் நீங்கள் நானூறு கோழி வெட்டிப்போட்டுத்தானே வாறியள். அப்ப ஏன் எழும்புது?”

“அது உத்தியோகம். உத்தியோகத்துக்குக் குற்றமில்லை. நான் வந்து முழுகிறன்தானே.”

அன்றிலிருந்து அன்ரி வாய் கொப்பளித்து, கை கழுவி, திருநீறு பூசிக்கொண்டுதான் சுவிட்சைத் தொட்டார். நான் விடவில்லை. கீபோர்டுக்குப் பூணூல் போடவோ என்று கேட்டேன். பெட்டியைக் கதிர்காமத்துக்கு அனுப்பினால் காவடி எடுக்குமோ என்று கேட்டேன். கல்லூரியில் நான் நடத்திய நையாண்டிப் பத்திரிகையில் “கொம்பியூட்டரும் சைவ சித்தாந்தமும்” என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நல்ல வரவேற்பு. நாங்கள் நாலு பேர்தான் தமிழர்கள்; நாலு பேரும் வாசித்தார்கள்.

அன்ரியின் சித்தாந்தத்தால் உண்மையில் கலங்கியவர் அங்கிள்தான். “டேய் அன்பு, உந்தப் பெட்டியை நீ கெதியாத் திருத்தாட்டில் கிழமை முழுக்கக் கத்தரிக்காய்தான். மனுசி முடிவெடுத்திட்டாள் எண்டால் முடிஞ்சுது.”

அந்த வீட்டில் மீன் பொரிப்பது சின்ன விசயம் அல்ல. மார்கழியில் ஒருநாள் அன்ரி சூடை மீன் பொரிக்க, ஃபயர் அலாம் அடித்து, பதினாலு மாடிச் சனமும் போர்வையோடு பனியில் இறங்கி நின்றது. தீயணைப்பு வண்டி மூன்று வந்தது. அதற்குப் பிறகு கட்டிடத்தைப் பார்க்கும் சூப்பிரின்ரன்ட் ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார். அன்றுமுதல் மீனோ இறைச்சியோ சமைக்கும் நாளில் பல்கனிக் கதவு முழுவதும் திறந்திருக்கும். வெளியே மைனஸ் பதினைந்து. அன்ரி குளிர்க்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பொரிக்கிற தாச்சிக்கு முன்னால் நிற்பார்.

கடைசி வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பக்கமும் முடிந்தன. பிளொப்பியில் எடுக்க அன்ரி எழும்பினார். “களைச்சுப் போனியள், ஞாயிறு ஆறுதலா எடுப்பம்” என்றவனும் நான்தான்.

சனிக்கிழமை நண்டு. 1701.

ஞாயிறு காலை அங்கிள் ஒரு முழு அறக்குளா மீனோடு வந்தார். அடுத்த நாள் ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டும்; அன்ரி கத்தியைத் தொட மறுத்தார். நான் எழுந்து நின்று உரையாற்றினேன்.

“அன்ரி, இண்டைக்கு இதைத் தீர்த்துப்போடுவம். மீனைப் பொரியுங்கோ. பெட்டிக்குப் பக்கத்திலேயே பொரியுங்கோ. மூடியைக் கழட்டி வைக்கிறன், வாசமும் நல்லா உள்ள போகட்டும். பிறகு சுவிட்சைப் போடுறன். எழும்பும்.”

“எழும்பாட்டில்?”

“எழும்பும்.”

மீன் பொரிந்தது. கதவு திறந்திருந்தது. பனித்தூள் ஹோலுக்குள்ளே வந்து மூடி கழற்றிய பெட்டிக்குள் விழுந்தது. நான் துடைத்துவிட்டு, அங்கிளும் மீன் மணத்துக்கு வந்து சேர்ந்த சீமோன் அண்ணையும் பார்த்திருக்க, சுவிட்சைப் போட்டேன்.

1701.

இன்னொருமுறை. 1701. அன்ரி கோட்டைக் கழற்றவில்லை. கதிரையில் இருந்தார்.

“பன்னிரண்டு பக்கம் தம்பி,” என்றார். சத்தம் போடவில்லை. “லொக்கர் எண்டீர்.”

அன்ரி எழும்பி முழுகப் போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வேறு வழி தெரியாமல் பெட்டிக்குள் இருந்த திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினேன். திருகாணி ஒன்று உருண்டு மேசைக்குக் கீழே போனது. தேடித் தவழ்ந்தவன் தரையில் கையை வைத்தேன், எடுத்துவிட்டேன். ஐஸ். எழும்பி ஹார்ட் டிஸ்க்கைத் தொட்டேன். பிரிஜ்ஜுக்குள் வைத்த இரும்புபோல இருந்தது.

பழைய டிஸ்க் குளிர்ந்தால் உள்ளே எண்ணெய் இறுகிச் சுழலாது என்று கல்லூரியில் ஒருநாள் சொன்னார்கள். அன்று நான் கடைசி வாங்கில் அந்த ஆசிரியரின் மூக்கைக் கேலிப்படமாகக் கீறிக்கொண்டிருந்தேன்.

மீன் நாள், திறந்த கதவு. மரக்கறி நாள், மூடிய கதவு. இதை ஏழு தடவை திருத்தியவன் நான்.

ஓடிப்போய்க் கதவை அடைத்தேன். மூடியைப் பூட்டினேன். என் கம்பளியை எடுத்துப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தேன்.

“என்னடா, காய்ச்சலே?” என்றார் அங்கிள்.

“குளிர், அங்கிள். குளிர்தான் எல்லாம். ஒரு மணித்தியாலம் சூடாகட்டும், எழும்பும்.”

அன்ரி ஈரத்தலையோடு வந்தார். நான் திருகாணியையும் கதவையும் எண்ணெயையும் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“அப்ப அந்தத் திருகாணியைக் கதவடிக்கு உருட்டி விட்டது ஆர்?” என்று கேட்டுவிட்டு, திருநீறு எடுக்கப் போனார்.

காத்திருந்த நேரத்தில் அங்கிள் எல்லோருக்கும் சோறு போட்டார். என் தட்டில் இரண்டு பெரிய துண்டு அறக்குளா, ஓரம் மொறுமொறுவென்று. சீமோன் அண்ணை ஏற்கெனவே மூன்றாம் துண்டில் இருந்தார். அன்ரி ஒன்றும் சாப்பிடவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

“நீர் சாப்பிடும் தம்பி. உமக்குத்தான் உதில நம்பிக்கை இல்லையே. குளிர்தானே காரணம்.”

“குளிர்தான் காரணம்,” என்றேன்.

சந்தேகமே இல்லை. கதவு மூடியிருந்தது. கம்பளிக்குள் கையை விட்டுப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர் விட்டிருந்தது. விஞ்ஞானம் முழுவதும் என் பக்கம் நின்றது. மீனைப் பார்த்தேன். அன்ரியின் விரல்களைப் பார்த்தேன்; சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தன. தொழிற்சாலைக் குளிரில் விரல் மூட்டுகள் வெடித்திருந்தன.

“சீமோன் அண்ணை, இதையும் நீங்களே எடுங்கோ. எனக்கு வயிறு ஒரு மாதிரி.”

“காலமை நல்லாத்தானே இருந்தனீ?” என்று கேட்டபடியே இரண்டையும் எடுத்துவிட்டார் அவர். நான் பருப்போடு நாலு வாய் சாப்பிட்டேன். குசினிக்குப் போய் வாய் கொப்பளித்தேன். இரண்டு தடவை.

கம்பளியை நீக்கி, சுவிட்சைப் போட்டேன். உள்ளே எங்கோ ஒரு முனகல். பிறகு, மேலே எழும்பும் விமானம் போல ஒரு சுழல் சத்தம். 1701 வரவில்லை. அன்ரியின் பன்னிரண்டு பக்கமும் வந்தன.

“வந்திட்டுது!” என்று அங்கிள் கத்த, சீமோன் அண்ணை மீன் கையாலேயே கைதட்ட, அன்ரி என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவேயில்லை. அவர் சிரித்து முடியுமுன் நான் பிளொப்பியில் ஒரு கொப்பி எடுத்தேன். இன்னொரு பிளொப்பியில் இன்னொன்று. மூன்றாவது என் சட்டைப் பைக்குள், ஸ்குரூ ட்ரைவருக்குப் பக்கத்தில்.

“எல்லாம் முடிஞ்சுதுதானே,” என்றார் அங்கிள், தாச்சியின் அடியிலிருந்து கடைசித் துண்டை எடுத்து என் பக்கம் நீட்டி. “வயிறும் சரியாகியிருக்கும். இந்தா, பிடி.”

நான் அன்ரி பார்க்கிறாரா என்று பார்த்தேன். பார்க்கவில்லை.

“நாளைக்கு ஒன்பது மணி கழியட்டும் அங்கிள்,” என்றேன், மெதுவாக.