எதிரில் இருப்பவர் அடுக்கிய பர்கர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒட்டுக்கேட்டேன். அமெரிக்காவில், ஏரிக்கரை ஊரான டுலூத்தில், துறைமுகத்தை ஒட்டிய பர்கர் கடையில், பக்கத்து மேசையிலிருந்து.

தொடக்கம் மட்டும் சொந்தச் சரக்கு. "ஏரி அன்று உறைந்துகிடந்தது, மார்லிஸின் மனதைப் போலவே..." (அடித்துவிட்டேன். இதை எழுதிய கைக்கு நாலு அடி கொடுக்கலாம்.)

மறுபடி: "கதவைத் திறந்ததும் வதங்கிய வெங்காயத்தின் வாசனை..." (இது பரவாயில்லை. ஆனால் பசிக்கிறது. எழுதாமல் எழுந்து போய்விடுவேன்.)

2

அந்தக் கடையில் அவரவர் பர்கரை அவரவரே அடுக்கிக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை மட்டும் வேறு வழக்கம்: உங்களுடையதை எதிரில் இருப்பவர் அடுக்குவார். என்ன வேண்டுமென்று அவர் கேட்கக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது. என்னைப் போலத் தனியாக வருகிறவர்களுக்கு ஆர்டிஸ் அடுக்குவாள். கடை அவளுடையது, வாய் கடையைவிடப் பெரியது.

அன்று வியாழன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, மஞ்சள் விளக்கின் கீழ், எல்லோரும் தட்டை ஏந்திக்கொண்டு காளானுக்கும் சீஸுக்கும் நடுவே மெல்ல நகர்ந்தார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. பேச்செல்லாம் தூரத்திலிருந்து வந்தது. கடையே கரையிலிருந்து அவிழ்ந்து எங்கோ மிதந்துபோவதாக எனக்குத் தோன்றியது, இறங்க மனமில்லை.

(இந்தப் பத்தியை வெட்டச் சொல்வார்கள். மாட்டேன்.)

3

மார்லிஸுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவள் கணவன் ஆரின், துறைமுகத்து இழுவைப் படகுகளின் எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவன். அரிசோனாவில் இருக்கும் மார்லிஸின் அக்கா அவளுக்கு அங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறாள். வருகிறாளா இல்லையா என்று நாளைக் காலையில் சொல்லியாக வேண்டும். படகை விட்டுவிட்டு ஆரின் அவளோடு போக மாட்டான். ஆனால் "போகாதே" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் அவள் இருந்துவிடுவாள். அவன் தட்டெடுக்கப் போன நேரத்தில் ஆர்டிஸிடம் இதையெல்லாம் சொன்னாள்.

"இதை அவன்கிட்டயே சொல்லேன்டி," என்றாள் ஆர்டிஸ்.

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேர் என்ன? அவனுக்கே தோணணும்."

ஆரின் திரும்பி வந்தான். இருவரும் போய் ஒருவருக்கொருவர் அடுக்கி எடுத்துவந்து கைமாற்றிக்கொண்டார்கள்.

"அரிசோனால இப்ப நல்ல வெயிலாம்," என்றான்.

"ஆமா. வெயிலாம்."

"உன் முட்டிவலிக்கு நல்லது."

பாவி மனுஷா!

4

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. இப்படி ஒருவனை வாசகர் நம்புவாரா? இந்த ஊரைத் தெரிந்தவர் நம்புவார். கூரை பிய்ந்து விழுந்தாலும் "காத்து நல்லா வருது" என்பவர்கள் இவர்கள். அடுத்தவர் மனம் கோணக் கூடாதென்று பல்லைக் கடித்தே கிழடானவர்கள்.

ஆரினைக் கொஞ்சம் பேசவைத்துப் பார்த்தேன். "மார்லிஸ், நீ இல்லாத வீட்ல நான்..." என்று ஆரம்பித்தான். அது அவன் குரல் இல்லை, என் குரல். விட்டுவிட்டேன்.

அவனாகச் செய்தது இதுதான். பர்கரின் மேல்பன்னைத் திறந்தான். ஊறவைத்த பீட்ரூட் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"என்ன பண்றே?"

"எனக்கு பீட்ரூட் பிடிக்காது."

"என்னது? கல்யாணம் ஆனதுலேருந்து வச்சிட்டிருக்கேன்!"

"ஆமா."

"ஒவ்வொரு தடவையும் தின்னியே!"

"ஆசையா வச்சே. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். (சிரிக்கவைத்து ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். பொய்யாக இருந்தது.) அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷம் ஒரு பீட்ரூட்டை வேணாம்னு சொல்ல உனக்கு வாய் வரல. இன்னைக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

ஆரின் துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "சொல்லிப் பழகறேன்."

"எதுக்கு?"

"இன்னொண்ணு சொல்லணும்."

மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான்.

5

அப்போதுதான் ஆர்டிஸ் கடை அதிர என்னைக் கூவி அழைத்தாள். "உன்னுது ரெடி! வந்து எடுத்துக்க, ஆறிப்போகுது!"

போனேன். ஒருவரை இரண்டாம் முறை கூவவைக்க இந்த ஊரில் யாருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை. உருப்படியான கதைக்காரி யாராவது அந்த நேரத்தில் எழுந்து போவாளா?

திரும்பியபோது இருவரும் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். மார்லிஸின் கன்னம் ஈரமாக இருந்தது. அவன் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்திருந்தான்.

முடிவு ஒன்று: "போகாதே" என்றுதான் சொன்னான். (எனக்கு வேண்டியது இதுதான். அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "ரோடு வழுக்கும், பாத்து ஓட்டு" என்றான்.

முடிவு மூன்று: சொன்னான், ஆனால் அவள்...

வேண்டாம். இதை எழுத மாட்டேன்.

சன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. அந்தப் பக்கம், காருக்கு அருகே, இரண்டு நிழல்கள் ஒன்றாகக் குனிந்திருந்தன. கட்டிக்கொண்டிருந்தார்களோ, கார்க் கண்ணாடியில் இறுகிய பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்களோ, தெரியவில்லை. கையால் ஒரு தடவை துடைத்தால் தெரிந்துவிடும். கையைத் தூக்கினேன். துடைக்கப் பயமாக இருந்தது. அவள் போகக் கூடாது என்று நான் ஆசைப்பட்டுவிட்டேன். ஆசைப்பட்டவள் முடிவு எழுதக் கூடாது.

நீங்கள் அப்படி எதற்கும் ஆசைப்படவில்லையென்றால், கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து துடைத்துப் பாருங்கள்.