கொப்பளிக்கும் சத்தம்

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் வரும். விமலன் ஆஸ்துமா பம்பை இரண்டு தடவை இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்கும் சத்தம். புக்கிட் செந்தோசாவுக்குக் குடிவந்த எட்டு வருடமாக, அதைக் கேட்ட பிறகுதான் அவன் மனைவி கங்கா தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

இரண்டு முறை கலைந்த பிறகு அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். பிள்ளை நிலைக்க வேண்டும் என்று விமலன் பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் நேர்ந்திருந்தான். இருபத்தொரு நாள் விரதம், ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் பாய்.

"பொண்டாட்டிய விட்டுட்டு முருகன்கிட்ட ஒட்டிக்கிட்டீங்க" என்று சீண்டினாள்.

"பிள்ளை வரட்டும் லா. அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் நான்தான் எடுபிடி."

மூன்றாம் வாரம் படியேறும்போது நடுவில் நின்றான்.

"என்னங்க, இழுக்குதா?"

"பெக்டரி தூசி, கங்கா."

காலையும் மாலையும் கொப்பளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது. அவள் நம்பினாள்.

கோயில், கோலசிலாங்கூர் பக்கம் அவன் பிறந்த தோட்டத்தில் இருந்தது. செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதை. உத்திரத்தன்று தலையில் பால்குடத்தோடு நடந்தவனுக்குப் பாதி தூரத்திலேயே தோள்கள் ஏறி இறங்கின. கங்கா பையிலிருந்து அவசரத்துக்கான நீல பம்பை எடுத்து நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாலடி வைத்ததும் முழங்காலில் சரிந்தான். பால் செம்மண்ணில் ஓடியது.

மருத்துவமனையில் முகமூடி வழியாக மருந்துப்புகை போய்க்கொண்டிருந்தது. தாதி சந்திரிகா அவனுடைய தினசரி பம்பைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அங்கே ஓர் எண் குறையும்.

"எண்பத்து நாலு இருக்கே. எப்ப வாங்கினது?"

"போன மாசம்" என்றாள் கங்கா.

"இந்நேரம் காலியாயிருக்கணும் அக்கா."

கங்கா கணவனைப் பார்த்தாள். "தெனமும் கொப்பளிச்சீங்களே?"

அவன் முகமூடியை விலக்கினான். "வெறுந்தண்ணி. கூட வேலை செய்யிற ரஷீட் நோன்புக்குப் பொழுது சாயிற வரைக்கும் பம்ப தொடல. அவனே அப்படி இருக்கறப்ப, இருபத்தோரு நாள் விரதத்துல நான் மருந்த வாயில வைக்கலாமான்னு..."

"அண்ணே, அவரு விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவ, பொழுது சாஞ்சு ஒரு தடவ எடுத்திருப்பாரு" என்றாள் சந்திரிகா. "நீங்க இருபத்தோரு நாளா எடுக்கவே இல்ல. தெனமும் எடுத்தாதான் நெஞ்சுக்குள்ள வீக்கம் அடங்கும்."

அவன் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. கங்காவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பால் கொட்டிடுச்சு, கங்கா."

எனக்காகத்தானே செய்தார் என்று நினைத்தாள். எனக்குத்தானே பொய் சொன்னார் என்றும் நினைத்தாள். சில்லிட்டிருந்த அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

நான்கு நாள் மருத்துவமனை மருந்திலேயே இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். மாலை ஆறு மணி. குளியலறையில் அந்தச் சத்தம். வெளியே வந்தவன், "எடுத்துட்டேன்" என்றான். முன்பெல்லாம் தேநீருக்குக் காத்திருக்கும்போது அவள் வயிற்றில் கை வைத்துப் பேசுவான். இன்று கை பாதி வந்து நின்றது. வாசல் பக்கம் போய்விட்டான்.

கங்கா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. குளியலறைக்குள் போய்ப் பம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

எண்பத்திரண்டு.

உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். ஆனாலும் நாளைக்கும் வந்து பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரிந்தது.