எதிரணி சொன்னது சரி

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. இயேசு சபைப் பள்ளியில் வேலைபார்க்கும் என் நாத்தனார் சொன்னது. விவாதப் போட்டிகளுக்கு மாணவிகளைத் தயார்செய்பவள். கடவுள் நம்பிக்கை கிடையாது. [‘முன்கோபக்காரி’ என்றும் எழுதினேன். படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள் என்று அந்த வார்த்தையை அடித்துவிட்டேன்.]

2
பள்ளிக்குப் பின்னால் போகும் சந்து ஒன்றை அடைத்து விளையாட்டரங்கம் கட்டத் திட்டம். ‘கட்டலாமா?’ என்பதையே விவாதத் தலைப்பாக்கினார் தலைமையாசிரியரான பாதிரியார். ‘கட்டலாம்’ அணிக்கு நாத்தனார் தயார்செய்த பெண்தான் தலைவி, பட்டப்பெயர் வாயாடி. அரங்கத்தைக் கட்டித்தரவிருந்த பழைய மாணவர் முன்வரிசையில் இருந்தார்.

சந்து போய்விட்டால் ஆலை வேலைக்கு நடந்துபோகும் பெண்கள் லாரிகள் பறக்கும் சாலையில்தான் சுற்றிப்போக வேண்டும் என்றது எதிரணி. வாயாடி எழுந்தாள்.

மண்டபத்தில் ஊசி விழுந்தால்... [வேண்டாம். அந்த ஊசியை எல்லோரும் போட்டாயிற்று.]

“இதுக்கு மடக்கிப் பேச எனக்குத் தெரியும். ஆனா அவங்க சொல்றதுதான் சரி.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

3
நாத்தனார் கொதித்துப்போய்ப் பாதிரியார் அறைக்குப் போனாள். ஒரு வருட உழைப்பு பாழ் என்று பொரிந்து தள்ளினாள். [இங்கே அவரை ஞானியாக்க எனக்கு ஆசை. நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர் பயந்துபோயிருந்தாராம்.]

“வகுப்புக்கு வகுப்பு ‘பிறருக்காக வாழ்’னு எழுதி வச்சோம். ஒரு பொண்ணு நிஜமாவே நம்பிட்டா டீச்சர். இப்ப நாம என்ன பண்றது?”

நாத்தனாருக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

அறிவோடு மனச்சாட்சி, திறமையோடு இரக்கம்: இயேசு சபையார் தங்கள் கல்வியின் நோக்கம் என்று சொல்வதை நானும் தேடிப் படித்தேன். தாளில் வழவழவென்று இருந்தது. ஜெயிக்கத் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்ததைக் கேட்ட பிறகு, அதே வரிகளை வாய்விட்டுப் படிக்கவே கூச்சமாக இருக்கிறது.

4
மறுநாள் காலை பாதிரியார் பழைய மாணவரைச் சந்துக்கு அழைத்துப்போனார். நாத்தனாரும் வாயாடியும் கூடவே. “நீயே சொல்லும்மா, என்ன செய்யலாம்?” என்றார்.

“என்னைக் கேட்டா எப்படி ஃபாதர்? நடக்கிறவங்களைக் கேளுங்க.”

பழைய மாணவர் முகம் சுருங்கி, காரை நோக்கிப் போய்விட்டார். பாதிரியார் எதிரே வந்த ஒரு பெண்ணை நிறுத்தினார். “நேரமாச்சு ஃபாதர், நடந்துக்கிட்டே பேசுங்க” என்றாள் அவள். அங்கியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் அவர் ஓட்டமும் நடையுமாகப் போனதை நாத்தனார் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அரங்கம் வரவில்லை. அந்தப் பழைய மாணவர் இன்றுவரை பள்ளிப் பக்கம் திரும்பவில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும். ஆலை வாசல்வரை அந்தப் பெண் என்ன சொல்லிக்கொண்டு போனாள் என்று மூன்று விதமாக எழுதிப்பார்த்தேன். மூன்றிலும் என் குரல்தான் கேட்டது. நான் உட்கார்ந்துவிடுகிறேன். அவளிடம் நீங்கள் கேளுங்கள், நடந்துகொண்டே.