தவளைக்கு விட்ட பள்ளம்

"அத்தை, கையை எடுங்க. ஃபேன் போடணும். ஹால்ல எல்லாரும் வெந்துட்டு இருக்காங்க."

தவளை என்று பேரெடுத்த அத்தை கையை எடுக்கவில்லை. வலிக்கிற காலை நீட்டிச் சுவரோரம் உட்கார்ந்து, டிவிக்குக் கீழே எல்லா ஒயரும் சேர்ந்து மாட்டியிருந்த ஒரே ப்ளக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் மகள் எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பிடித்தபடி நின்றாள். ஹாலில் இருந்த ப்ளக் பாயின்ட் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்த அண்ணனுக்குச் சொந்த வீட்டு ப்ளக்கைக் கழற்றிப் பார்க்கக் கை வரவில்லை. இப்போது அதே ஹாலில், வேர்க்கவும் தெரியாமல், வெள்ளைத் துணிக்குள் படுத்திருக்கிறான்.

"டிவிதான் அணைஞ்சிருக்கே, அத்தை?"

"டிவி அணைஞ்சிருக்கு. கேம் அணையலை. அந்தச் சிவப்பு லைட்டைப் பாரு. உங்கப்பா பாதியில நிறுத்தி வெச்சிருக்கான்."

"அப்ப சேவ் பண்ணிட்டுப் பிடுங்குங்க."

"இதுல சேவ் எல்லாம் கிடையாதுடி. பிடுங்கினா முதல்லேர்ந்துதான். அவன் ஆடினதெல்லாம் போச்சு."

அவளுக்கு எங்கே புரியப்போகிறது? அவள் அப்பாவுக்கு வாங்கித் தந்த புது கேம் மெஷின் அலமாரியில் இருக்கிறது. அதில் பள்ளத்தில் விழுந்தால், கண் சிமிட்டுவதற்குள் விழுந்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிடும். எதைப் பிடித்து ஏற வேண்டும் என்று மஞ்சள் பெயின்ட் அடித்துக் காட்டும். கொஞ்சம் தப்பாகத் தாவினாலும் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சுலபமா, கஷ்டமா என்று முதலிலேயே கேட்டும் வைத்துக்கொள்ளும். ஒரே நாள் ஆடிவிட்டு அண்ணன் போன் போட்டான். "என்ன தவளை இது! விழுந்தவனைத் தூக்கி, மண்ணைத் தட்டி, கன்னத்தைக் கிள்ளி அனுப்பறாங்க. நம்மளை எவனாவது இப்படிக் கொஞ்சினானா?"

பழையது யாரையும் கொஞ்சாது. மொத்தம் மூன்று உயிர். ஒரு நூல் முன்னே பின்னே தாவினால் ஒன்று போச்சு. மூன்றும் போனால், நீ எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி, திரும்ப முதல் ஸ்டேஜ். சின்ன வயசில் வீட்டில் இருந்ததோ ஒரே ஜாய்ஸ்டிக். சண்டை அண்ணனுக்கு, தாவல் தங்கைக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். பின்னாளில் லிஃப்டுக் குழிக்குள் அத்தனை உயரத்தில் தொங்கி வேலை பார்த்தவன், திரையில் விரலகலப் பள்ளத்தைக் கண்டால் அப்போது வெடவெடத்துப் போவான். "ஏய் தவளை, உன் வேலை வந்துடுச்சு!" அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மாடிப்படி ஏற முட்டி மறுக்கிற இந்த வயதிலும் அவள் தவளைதான். ஹோம்வொர்க்கை மறந்து, அம்மா திட்டத் திட்ட ஆடிய அந்தச் சாயங்காலங்களைப் போல அவள் வேறெதிலும் சந்தோஷப்பட்டதில்லை. கடைசி ஸ்டேஜை மட்டும் இரண்டு பேரும் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை மறுபடி கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. "கடைசி ஸ்டேஜுக்கு வந்தாச்சுடி. ஒரே ஒரு உயிர் இருக்கு. எதிர்ல பள்ளம். வந்து ஒரு தாவு தாவிட்டுப் போ."

"உன் பொண்ணு வாங்கித் தந்ததுல ஆடேன், அதுவே தாவிக்கும்" என்று சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை வரேன்."

சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி. இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று ஞாயிறு. சொன்ன நாளில்தான் வந்திருக்கிறாள், பாவி.

அண்ணி உள்ளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அம்மா, அத்தை ப்ளக்கை விடமாட்டேங்கறாங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மெஷினைச் சக்களத்தி என்றுதான் அண்ணி சொல்வாள். தவளை திட்டு வாங்கத் தயாரானாள். அண்ணி சிவப்பு லைட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ போய் ஹால் ஜன்னலையெல்லாம் திறந்து விடு" என்றாள் மகளிடம். "கதவைச் சாத்திட்டுப் போ."

பிறகு டிவியைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். பள்ளத்தின் விளிம்புக்கு முன்னால் கட்டை விரல் உயர வீரன் வாளோடு நின்றிருந்தான்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்பவும் இதேதான். 'அவ வருவா, அணைச்சுடாதே'ன்னார்."

தவளை ஜாய்ஸ்டிக்கை எடுத்தாள். "விழுந்துட்டா, அண்ணி?"

"விழுந்தா போச்சு. விழாம நிறுத்தி வெச்சா மட்டும் எழுந்து வந்துடப் போறாரா? தாவு."

வீரன் ஓடினான். இன்னும், இன்னும் என்று பொறுத்து, விளிம்பு தீருகிற இடத்தில் அவள் விரல் தானாக அழுத்தியது. மூளைக்கு மறந்தது விரலுக்கு மறக்கவில்லை. அந்தப் பக்கம் போய் நின்றான்.

"அண்ணா!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குள் கோடரியோடு ஒரு பூதம் இறங்கியது. "ஐயையோ அண்ணி, எனக்குச் சண்டை வராதே!"

"இங்க கொடு."

பிடுங்கிக்கொண்டு அண்ணி தரையில் உட்கார்ந்தாள். குனிந்தாள், அடித்தாள், ஒரு எட்டுப் பின்வாங்கினாள், மறுபடி அடித்தாள். தவளை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"அண்ணி, நீங்களா?"

"ரெண்டு மாசமா அவர் கை ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்கலை, உனக்குத் தெரியக்கூடாதுன்னார். பின்ன யாரு ஆடினதுன்னு நினைச்சே? படுத்துக்கிட்டே சொல்லுவார், நான் அடிப்பேன். சின்னப் பள்ளமெல்லாம் திட்டு வாங்கிட்டே நானே தாவிட்டேன். இதை மட்டும் தொடவிடலை. 'அது அவளுது'ன்னுட்டார்."

பூதம் விழுந்தது. வெளியே மகள் கதவைத் தட்டினாள். "அம்மா, எல்லாரும் உங்களைக் கேக்கறாங்க."

"வரோம், வரோம்" என்று அண்ணி குரல் கொடுத்தாள். மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஜாய்ஸ்டிக்கை நீட்டினாள்.

"இன்னொரு பள்ளம் வருது, பாரு."

தவளை வாங்கிக்கொண்டாள். அண்ணியின் கை வேர்வையில் அது நனைந்திருந்தது.