சோத்தாங்கைப் பக்கம்

அன்னக்கிளி படுத்த படுக்கையாகி மூன்று மாதம் ஆயிற்று. எதிர்ச் சுவரைத் தவிர அவளுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை. கருவடிக்குப்பத்தில் அவர்களுக்கு இருந்ததே ஓர் அறை. அதிலும் அடுப்புப் புகை ஏறிச் சுவரெல்லாம் கறுத்துக் கிடந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலாவது பொங்கல் வரப்போகிறது. இந்தத் தடவையாவது வெள்ளைக்குப் பதில் ஒரு நல்ல நிறம் அடிக்கலாமே என்றாள். அவள் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

அவள் புருஷன் தணிகாசலம் மில் விட்டதும் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வர்ணப் பொடி வாங்கி வந்தான். சுண்ணாம்பில் கரைத்து, அவள் கண்ணுக்கு நேரே சுவரில் இரண்டு பட்டை இழுத்தான். வலப்பக்கம் சந்தன நிறம். இடப்பக்கம் அதே சந்தனத்தில் ஒரு சிட்டிகை காவி.

"ரெண்டும் ஒண்ணுதான் புள்ள. எதையாவது சொல்லு."

"ஒங்க கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஒண்ணுல கொஞ்சம் வெயில் இருக்குதுங்க. காயட்டும், சொல்றேன்."

மறுநாள் காலை நெடுநேரம் பார்த்தாள். கையைத் தூக்கிக் காட்டத் தெம்பில்லை.

"சோத்தாங்கைப் பக்கத்துது" என்றாள்.

சோறு தின்கிற கை, வலக்கை. சரியென்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவள் உயிர் போயிருந்தது.

கருமாதிக்கு முன்னால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். ஆள் வைக்க அவன் விடவில்லை. வலப்பக்கத்துச் சந்தன நிறத்தை நாலு சுவருக்கும் தானே அடித்தான். வந்தவர்களிடமெல்லாம், "அவ சொன்ன நெறம்" என்றான். அப்படிச் சொல்லும்போது மட்டும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

கருமாதியன்று அந்தச் சுவரோரம் அவளுக்கு இலை போட்டுப் படைத்தார்கள். தண்ணீர்ச் சொம்பை எல்லோருக்கும் வைப்பதுபோல் இலைக்கு இடப்பக்கம் வைத்தான் தணிகாசலம். அவளுடைய அக்கா கொளஞ்சி அதை எடுத்து வலப்பக்கம் வைத்தாள்.

"என்னா தம்பி, மறந்துட்டியா. அவளுக்குப் பீச்சாங்கைதானே சோத்தாங்கை. எங்கம்மா சூடு வெச்சுங்கூட மாத்திக்கலியே."

மறக்கிற விஷயமா அது? கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இடக்கையும் இவன் வலக்கையும் இடித்துக்கொண்டதைப் பார்த்து ஊரே சிரித்தது. "என் சோத்தாங்கை இதுதான்" என்று இடக்கையைத் தூக்கிக் காட்டி அவளும் சிரித்தாள்.

சுவரைப் பார்த்தான். இடப்பக்கத்துப் பட்டை இருந்த இடமே தெரியவில்லை. அவன்தான் இரண்டு பூச்சு அடித்து மூடியிருந்தான்.

மூன்று மாதமாக அவளுக்குச் சோறு ஊட்டியது அவனுடைய வலக்கை. அவளுடைய கை எதுவென்று அதில் மறந்தே போயிருந்தது. அந்த வலக்கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு, இலைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதான்.